கத்திக்கு வயசு என்ன பாஸ்?

பயப்படாதீங்க மக்களே... இது 'பிளேடு' கட்டுரை இல்லை. ஆனா, பிளேடைப் பத்தின கட்டுரை!

அதுக்கு முன்னாடி ஒரு குற்றத்தை ஒப்புக்கறேன். போன வருஷம் தீபாவளி லீவுல, வேலூர் பக்கத்துல இருக்கற எங்க பாட்டி வீட்டுல, ஒரு வரலாற்றுச் சாட்சியை என் கையாலேயே கொன்னுட்டேன். ஆயுதம்: ஒரு துண்டு உப்புத்தாள். நேரம்: சரியா பத்து நிமிஷம்.

செத்துப்போன சாட்சி, ஒரு மடக்குக் கத்தி. பாட்டியோட வெத்தலைப் பெட்டிக்குள்ள பல வருஷமா குடியிருந்த கத்தி. கறுப்பு நிறத்துல சொரசொரப்பான கைப்பிடி, அகலமான ஒரு அலகு, ஒரு டின் ஓப்பனர், பின்பக்கம் கயிறு முடிச்சு அவிழ்க்கற முரட்டு ஊசி, தொங்கவிட ஒரு வளையம். 'எங்க அப்பா பர்மா சண்டையிலேருந்து கொண்டு வந்தது'ன்னு பாட்டி சொல்லும். 'அதெல்லாம் கதை. தாத்தா மெட்ராஸ் மூர் மார்க்கெட்ல பழசா வாங்கினது'ன்னு பெரியப்பா சொல்வார். ரெண்டு பேரும் இந்தச் சண்டையை நான் பொறந்ததுலேருந்தே போட்டுக்கிட்டு இருக்காங்க.

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். வொர்க்‌ஷாப்ல ஃபைலிங் போட்டே கை காய்ச்சுப் போனவன். துருப்பிடிச்ச இரும்பைப் பார்த்தா சும்மா இருக்க முடியுமா? 'பாட்டி, இதைப் பளபளன்னு ஆக்கித் தர்றேன் பாரு'ன்னு உட்கார்ந்து தேய்ச்சேன். பளபளன்னுதான் ஆச்சு. கொண்டுபோய்க் காட்டினேன். பாட்டி கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டுச்சு.

'இங்க ஏதோ நம்பர் இருந்துச்சேடா... எங்கடா?'

பிறப்புச் சான்றிதழ் எங்கே இருக்கு?

அந்தக் கேள்விதான் என்னைத் தூங்கவிடலை. ஊருக்கு வந்ததும் தேடித் தேடிப் படிச்சேன். அப்பத்தான் தெரிஞ்சுது, பழைய பாக்கெட் கத்திகளைச் சேகரிக்கறதுக்குன்னே உலகம் முழுக்க ஒரு கூட்டம் இருக்கு. அவங்க ஒரு கத்தியைக் கையில வாங்கினதும் முதல்ல பார்க்கறது கூர்மையை இல்லை. அலகோட அடிப்பகுதியை. அதாவது, கைப்பிடிக்குள்ள நுழையறதுக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கற, கூர் இல்லாத தட்டையான துண்டு. அதுக்கு 'டாங்'னு பேரு. கம்பெனி பேர், ஊர், மாடல் நம்பர், சில சமயம் வருஷம்... எல்லாத்தையும் அச்சு வெச்சு அடிச்சிருக்கறது அங்கேதான். கத்தியோட பிறப்புச் சான்றிதழ்னு வெச்சுக்கங்களேன்.

நான் உப்புத்தாள் போட்டதும் கரெக்டா அதே இடத்துலதான்!

சரி, எனக்குத் தண்டனை அப்புறம். மேட்டருக்கு வருவோம்.

புள்ளி வெச்சா கோலம் மட்டும்தானா?

கத்தியோட வயசைக் கண்டுபிடிக்கறதுல ரொம்ப ஜாலியான கம்பெனி, அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்துல பிராட்ஃபோர்டுங்கற ஊர்ல இருக்கற 'கேஸ்'. 1889-ல ஆரம்பிச்ச குடும்ப வியாபாரம். இவங்க டாங்குல அடிக்கற முத்திரையைக் காலத்துக்குக் காலம் மாத்திக்கிட்டே வந்தாங்க.

'கேஸ் எக்ஸ்எக்ஸ்'னு மட்டும் இருந்தா, 1940-லேருந்து 1964-க்குள்ள. அதுக்குக் கீழ 'யு.எஸ்.ஏ.'ன்னு சேர்ந்திருந்தா 1965-லேருந்து 1969-க்குள்ள. 1970-ல வந்துது பாருங்க சூப்பர் ஐடியா. முத்திரைக்குக் கீழ பத்துப் புள்ளி வெச்சாங்க. அடுத்த வருஷம் ஒன்பது. அதுக்கடுத்த வருஷம் எட்டு. இப்படி வருஷத்துக்கு ஒரு புள்ளி காலி. 1979-ல ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம்.

நம்ம பாஷையில சொன்னா, ஃபார்முலா ரொம்ப சிம்பிள். 1980-லேருந்து புள்ளிகளைக் கழிங்க. நாலு புள்ளி இருந்தா 1976. அவ்ளோதான். அரியர் வெச்சிருக்கறவன்கூடப் போட்டுடலாம்!

1980-ல மறுபடியும் பத்துப் புள்ளியிலேருந்து ஆரம்பிச்சாங்க. அப்ப ஒரே மாதிரி ஆயிடாதா? அதுக்குத்தான் 'கேஸ்'ங்கற பேர்ல இருக்கற 'எஸ்' எழுத்தை மின்னல் மாதிரி கூர்கூரா மாத்தினாங்க. மின்னல் 'எஸ்' இருந்தா 1990-லேருந்து கழிக்கணும். எழுத்தைப் பார்க்காம புள்ளியை மட்டும் எண்ணினா பத்து வருஷம் சறுக்கிடும்.

மாடல் நம்பரும் சும்மா இல்லை. உதாரணத்துக்கு 6347. முதல் எண் கைப்பிடி எதால ஆனதுன்னு சொல்லும். 6-ன்னா பள்ளம் பள்ளமா செதுக்கின எலும்பு, 5-ன்னா மான்கொம்பு. ரெண்டாவது எண் எத்தனை அலகுன்னு சொல்லும், இங்கே மூணு. கடைசி ரெண்டும் கத்தியோட வடிவம். நம்ம ரோல் நம்பர்ல வருஷம், டிபார்ட்மென்ட் எல்லாம் ஒளிஞ்சிருக்கே, அதே டெக்னிக். நம்பர் மூணு அலகுன்னு சொல்லி, கையில இருக்கற கத்தியில ரெண்டுதான் இருந்தா? ஒண்ணு உடைஞ்சிருக்கணும், இல்லைன்னா யாரோ கைவரிசை காட்டியிருக்கணும்.

சுவிட்சர்லாந்து ராணுவம் இன்னும் நேர்மை. 1961 மாடல்னு அலுமினியக் கைப்பிடி போட்ட சிப்பாய்க் கத்தி ஒண்ணு உண்டு. அதுல அலகோட அடியிலேயே வருஷத்தோட கடைசி ரெண்டு எண்ணை அடிச்சிருப்பாங்க. 75-ன்னு இருந்தா 1975. வேற ஆராய்ச்சியே வேண்டாம்.

ராஜா ராணி சொல்ற சாட்சி

எல்லாக் கம்பெனியும் இப்படிப் புள்ளி வெச்சுத் தரமாட்டாங்க. அப்ப என்ன பண்றது? சரித்திரப் பாடம் படிச்சதுக்கு இங்கேதான் பலன்.

இங்கிலாந்துல ஷெஃபீல்டுன்னு ஒரு ஊர். கத்திக்குன்னே பேர் போன ஊர். அங்கே செஞ்ச பழைய கத்திகள் சிலதுல கிரீடமும் பக்கத்துல ரெண்டு எழுத்தும் இருக்கும். 'வி.ஆர்.'னா விக்டோரியா மகாராணி. அவங்க காலம் 1901-ல முடிஞ்சுது. 'ஜி.ஆர்.'னா ஜார்ஜ் மன்னர். ஆனா எந்த ஜார்ஜ்? 1820-ஸ்ல ஒரு ஜார்ஜ், 1910-லேருந்து 1936 வரைக்கும் ஒரு ஜார்ஜ், அதே 1936-லேருந்து 1952 வரைக்கும் இன்னொரு ஜார்ஜ். ரெண்டு எழுத்தை நம்பி நூறு வருஷம் ஏமாந்து போகலாம். அதனால ஒரு சாட்சியை மட்டும் வெச்சுத் தீர்ப்பு எழுதக்கூடாது.

ஊர் பேரும் சாட்சி சொல்லும். அமெரிக்காவுல 1890-ல ஒரு இறக்குமதி வரிச் சட்டம் வந்துது. 1891 மார்ச்சுலேருந்து வெளிநாட்டுச் சரக்குல எந்த நாட்டுல செஞ்சதுன்னு போட்டே ஆகணும்னு ஆச்சு. அதனால, அங்கே போன கத்தியில 'இங்கிலாந்து', 'ஜெர்மனி'ன்னு நாட்டுப் பேர் இருந்தா, அது அநேகமா 1891-க்கு அப்புறம் செஞ்சது. 'வெஸ்ட் ஜெர்மனி'ன்னு இருந்தா? 1949-லேருந்து 1990 வரைக்கும்தான் அப்படி ஒரு நாடே இருந்துது. கேஸ் க்ளோஸ்டு!

(இடைவேளை தகவல்: ஷெஃபீல்டுல ஜோசப் ராட்ஜர்ஸ்ங்கற கம்பெனி 1822-ல ஒரு கத்தி செஞ்சாங்க. அதுல மொத்தம் 1822 பிளேடு! அப்புறமும் வருஷம் கூடக் கூட பிளேடும் கூடிக்கிட்டே போச்சு. நம்ம எச்.ஓ.டி.கூட ஒரு கிளாஸ்ல அவ்வளவு பிளேடு போட்டதில்லை.)

முத்திரை பேசலைன்னா மெட்டீரியல் பேசும்

முத்திரை தேய்ஞ்சு போச்சு. இல்லை, என்னை மாதிரி ஒரு புண்ணியவான் தேய்ச்சுட்டான். அப்பவும் வழி இருக்கு. கத்தி எதால ஆனதுன்னு பாருங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை ஷெஃபீல்டுல ஹாரி பிரியர்லி உருவாக்கினது 1913-ல. அதனால, 'ஸ்டெயின்லெஸ்'னு எழுதின ஷெஃபீல்டு கத்தியை '1880 மாடல் சார்'னு ஒருத்தர் விற்க வந்தா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க. விக்டோரினாக்ஸ் கதையும் இதேதான். கம்பெனியை ஆரம்பிச்ச கார்ல் எல்ஸ்னர், 1909-ல தன் அம்மா இறந்ததும் அவங்க நினைவா 'விக்டோரியா'ன்னு பேர் வெச்சார். 1921-ல ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாறினப்ப, அதோட பிரெஞ்சுப் பேர்ல இருக்கற 'இனாக்ஸ்' ஒட்டிக்கிட்டுது. விக்டோரியா ப்ளஸ் இனாக்ஸ். 'விக்டோரியா'ன்னு மட்டும் இருக்கற கத்திக்கு சேகரிக்கறவங்க ஏன் அடிச்சுக்கறாங்கன்னு இப்ப புரியுதா?

கைப்பிடிக்கும் இதே லாஜிக். டெல்ரின்னு ஒரு பிளாஸ்டிக், விற்பனைக்கு வந்ததே 1960 வாக்கில். பார்க்க அச்சு அசல் எலும்பு மாதிரியே இருக்கும். கேஸ் கம்பெனியே எலும்புக்கான '6' நம்பர்ல டெல்ரின் போட்டிருக்காங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது? லென்ஸ் வெச்சுப் பாருங்க. நிஜ எலும்புல பொடிப்பொடியா துளைகள் தெரியும். ஒரு காலத்துல ரத்த நாளம் போன வழி. பிளாஸ்டிக்ல அது இருக்காது. ஊசியைச் சுட வெச்சுக் குத்திப் பார்க்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. பழைய கைப்பிடி செல்லுலாய்டா இருந்தா குப்புனு பத்திக்கும்!

ஒரு எச்சரிக்கையும் உண்டு. பிரான்சுல ஒப்பினெல்னு மரக் கைப்பிடி போட்ட அழகான கத்தி. திறந்த அலகு தானா மடங்காம இருக்க, கழுத்துல ஒரு இரும்பு வளையம் சுத்தும். அந்த வளையம் வந்தது 1955-ல. உடனே 'வளையம் இல்லைன்னா பழசு'ன்னு முடிவு கட்டிடாதீங்க. சின்ன சைஸ் ஒப்பினெல்களுக்கு இன்னிக்கும் வளையம் கிடையாது. 'இருக்கு'ங்கறது சாட்சி. 'இல்லை'ங்கறது சாட்சி ஆகணும்னா, ரெண்டு தடவை யோசிக்கணும்.

மொத்தத்துல ரூல் ஒண்ணுதான். ஒரு கத்தியில ரொம்பப் புதுசா வந்த விஷயம் எதுவோ, அதுதான் அந்தக் கத்தியோட உண்மையான வயசுக்குக் கிட்டே போகும். கத்தி தன்னோட ரொம்ப இளைய உறுப்பைவிடப் பழசா இருக்க முடியாது.

டுபாக்கூர் பார்ட்டிகள் ஜாக்கிரதை

காசு புழங்கற இடத்துல டுபாக்கூர் இல்லாம இருக்குமா? ஒரு கத்தியோட அலகை எடுத்து இன்னொரு கத்தியோட கைப்பிடியில மாட்டிடுவாங்க. புதுக் கத்தியில பழைய முத்திரையை அடிச்சிடுவாங்க. இதைப் பிடிக்கறதுக்கும் கண்ணுதான் கருவி.

ரிவெட்டைப் பாருங்க. கத்தி முழுக்க மங்கிப் போய் ரிவெட் தலை மட்டும் பளிச்சுன்னு இருந்தா, சமீபத்துல யாரோ திறந்திருக்காங்க. முத்திரையோட எழுத்துக்குள்ள பாருங்க. சுத்தி இருக்கற இரும்பு கறுத்துப் போய், எழுத்தோட பள்ளம் மட்டும் புதுசா மின்னினா, எழுத்து லேட்டா வந்திருக்கு. அலகை மடக்கிப் பாருங்க. ஒழுங்கா பொறந்த கத்தியில அலகு கைப்பிடிக்குள்ள ஒழுங்கா உட்காரும். கடன் வாங்கின அலகு தலையையோ வாலையோ வெளியே நீட்டும்.

கவனிச்சீங்களா? இது எல்லாத்துக்கும் ஆதாரம், அந்த மங்கல்தான். அந்தக் கறுப்புதான். இரும்பு வருஷக்கணக்கா காத்தோடயும் கைவேர்வையோடயும் பழகிப் பழகிச் சேர்த்து வெச்ச நிறம். நாம அதை 'அழுக்கு'ன்னு தேய்க்கறோம். சேகரிக்கறவங்க அதைத் தொடவே மாட்டாங்க. பாலிஷ் போட்ட பழைய கத்திக்கு விலை ஏறாது, இறங்கும்!

சரி... என் தண்டனைக்கு வருவோம்

பாட்டி வீட்டுக் கத்தியை மறுபடியும் எடுத்தேன். இந்தத் தடவை உப்புத்தாள் இல்லை. மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டுல சாய்ச்சுப் பிடிச்சு, கேமராவை ஜூம் பண்ணேன். மங்கலா ஒரு அம்புக்குறி தெரிஞ்சுது. பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்துன்னு அர்த்தம். ராணுவச் சாமான்ல எல்லாம் அடிப்பாங்க. அதுக்குப் பக்கத்துல மூணு எண். 1... 9... 4...

நாலாவது எண் இருந்த இடம், கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்துது. நான் நல்லாத் தேய்ச்ச இடம்.

அந்த ஒத்தை எண்ணுல என்ன இருந்துதுன்னு யோசிங்க. பர்மா சண்டையில ரங்கூனைத் திரும்பப் பிடிச்சது 1945 மே மாசம். கடைசி எண் 6-லேருந்து 9-க்குள்ள இருந்திருந்தா, பாட்டி சொன்னது நடந்திருக்கவே முடியாது. பெரியப்பா ஜெயிச்சிருப்பார். 2-ன்னோ 3-ன்னோ இருந்திருந்தா, பாட்டி சொன்னது நடந்திருக்கலாம். நடந்துதுன்னு நிரூபணம் ஆகாது. ஏன்னா, 1942-ல செஞ்ச கத்தி யார் யார் கையோ மாறி மூர் மார்க்கெட்டுக்கும் வந்திருக்கலாம். கத்தி தான் எப்பப் பொறந்தேன்னு சொல்லும். யார் பாக்கெட்ல வளர்ந்தேன்னு சொல்லாது.

'பூஜ்ஜியத்துலேருந்து ஒன்பது வரைக்கும் பத்து எண். அதுல ஆறு பாட்டி பக்கம். அப்ப பாட்டிக்கு அறுபது பர்சென்ட் சான்ஸ்'னு கணக்குப் போட்டு, எங்க மெட்டலர்ஜி சார்கிட்டே பெருமையா காட்டினேன். சிரிச்சார். 'யுத்த காலத்துல எத்தனை கத்தி செஞ்சிருப்பாங்க, யுத்தம் முடிஞ்சப்புறம் எத்தனை செஞ்சிருப்பாங்க? எல்லா வருஷத்துக்கும் ஒரே வெயிட்டேஜா?'ன்னார். புஸ்ஸுன்னு ஆயிடுச்சு.

ஆனா, அவரே ஒரு வழியும் சொன்னார். அச்சு அடிக்கும்போது மேல இருக்கற எழுத்து மட்டும் பதியறதில்லை. அடியில இருக்கற இரும்பும் நசுங்குது. எழுத்தை ராவி எடுத்தாலும் அந்த நசுங்கல் கொஞ்சம் உள்ளே இருக்கும். அமிலக் கரைசல் போட்டா, நசுங்கின இடமும் நசுங்காத இடமும் வேற வேற மாதிரி அரிக்கும். எண் மங்கலா எட்டிப் பார்க்கும். திருட்டு வண்டியில ராவி எடுத்த எஞ்சின் நம்பரை தடயவியல் லேப்ல இப்படித்தான் மீட்கறாங்க. ரொம்ப ஆழமா தேய்ச்சிருந்தா கிடைக்காது. கிடைக்கறதுக்கு முன்னாடி அந்த இடத்தை இன்னும் கொஞ்சம் பாலிஷ் போடணும். அப்புறம் ஆசிட். அம்புக்குறியும் சேர்ந்து போனாலும் போகலாம்.

எனக்கு ஒரே குஷி. பாட்டிக்கு போனைப் போட்டு, 'உன் அப்பா கதை உண்மையா இல்லையான்னு கண்டுபிடிச்சுடலாம் பாட்டி. ஆசிட் ஊத்தணும், அவ்ளோதான்'னேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் வந்துது பதில்.

'இருக்கறதையாவது விட்டு வைடா.'

விட்டுட்டேன். கத்தி இப்ப பழையபடி வெத்தலைப் பெட்டிக்குள்ள. பதிலுக்கு ஒண்ணு பண்ணேன். பாட்டியை உட்கார வெச்சு, அவங்க அப்பா, பர்மா, கத்தி எல்லாத்தையும் சொல்லச் சொல்லி மொபைல்ல ரெக்கார்ட் பண்ணினேன். பெரியப்பாவோட மூர் மார்க்கெட் வெர்ஷனையும்தான். நாளைக்கு என்னைவிடப் புத்திசாலி ஒருத்தன் எங்க வீட்டுல பொறந்தா, அவனுக்கு ரெண்டு கதையும், மூணு எண்ணும், ஒரு அம்புக்குறியும் மிச்சம் இருக்கும். நாலாவது எண் ஏன் இல்லைங்கறதுக்கும் இதோ, இந்தக் கட்டுரை இருக்கு!

உங்க வீட்டுல ஒரு பழைய கத்தி இருந்தா...

* உப்புத்தாள், புளி, சாம்பல், பாத்திரம் தேய்க்கற பவுடர் எதுவும் கிட்டேயே வரக்கூடாது. மெத்துன்னு ஒரு துணி, ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய், மடிப்புக்குள்ள சேர்ந்த அழுக்கை எடுக்க மரப் பல்குச்சி. இது போதும்.

* தொடறதுக்கு முன்னாடி டாங்கை ரெண்டு பக்கமும் போட்டோ எடுங்க. எல்லா அலகோட அடியையும் பாருங்க. ஒண்ணுல கம்பெனி, இன்னொண்ணுல நம்பர்னு பிரிச்சு அடிச்சிருப்பாங்க.

* செல்லுலாய்டு கைப்பிடின்னு சந்தேகம் வந்தா, அதை மத்த கத்திகளோட ஒரே டப்பாவுல பூட்டாதீங்க. கெட்டுப்போற செல்லுலாய்டுலேருந்து வர்ற புகை, பக்கத்துல இருக்கற இரும்பையும் துருப்பிடிக்க வெச்சுடும்.

* பேர்தான் பாக்கெட் கத்தி. அதுக்காக பாக்கெட்ல போட்டுக்கிட்டு காலேஜுக்கும் ஏர்போர்ட்டுக்கும் கிளம்பிடாதீங்க. அங்கே உங்க வயசைக் கேப்பாங்க, கத்தியோட வயசைக் கேக்கமாட்டாங்க!

* கடைசியா, முக்கியமா... கத்தியைப் பத்திக் கதை சொல்றவங்க வீட்டுல இருந்தா, இன்னிக்கு சாயங்காலமே உட்கார்ந்து கேளுங்க. டாங்குல எழுதாத விஷயம் அவங்ககிட்டேதான் இருக்கு.